மேல் இரைப்பை, கீழ் இரைப்பை

சிரித்துத் தொலையட்டும் என்று செண்பகவல்லி நினைத்தாள். மூன்றாவது வரிசையில் கைகளை மடியில் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் வேதாசலம் தன் பேச்சில் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார், அதாவது அவளை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு. "நம்ம செண்பகவல்லியையே எடுத்துக்குங்களேன். கோவில்பட்டியில பிறந்தவங்க. வருஷக்கணக்கா மெட்ராஸ்ல இருக்காங்க. நம்ம தண்ணியக் குடிக்கறாங்க, நம்ம வெயில்ல காயறாங்க. ஆனா கோபம் வந்தா வாயில வர்றது 'ஏட்டி'தான். இரைப்பை செல்லும் அப்படித்தான். எங்க கொண்டு போய் வெச்சாலும் தான் எந்த ஊருன்னு அதுக்கு மறக்காது." அரங்கம் சிரித்தது. கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மதியம் அவர்களுக்குப் பிரியாணி போட்டிருந்தார்கள், எதற்கும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்த ரெஜினா, ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்துச் சேர்ந்த பெண், பாதிச் சிரிப்பிலேயே வாயைப் பொத்திக்கொண்டு "விடுக்கா" என்றாள். விடுவதற்கு என்ன இருக்கிறது. அவர் முன்னால் அவள் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. 'ஏட்டி' என்று அந்த ஆய்வகத்தில் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. எங்கேயோ கேட்ட சொல்லைக் கொண்டுவந்து அவள் வாயில் ஒட்டிவிட்டு அதைச் சான்று என்று காட்டுகிறார். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருடமே நாக்கைப் பிடித்து இழுத்து, 'வாரேன்'ஐ 'வரேன்' ஆக்கி, 'அங்கன'வை 'அங்க' ஆக்கி, சென்னைக்காரியாகத் தன்னைச் செதுக்கிக்கொண்டவள் அவள். அந்தப் பாடெல்லாம் இந்த ஆளுடைய ஒரு ஜோக்கில் போயிற்று. முன்வரிசைத் தலைகள் திரும்பி யார் அந்தச் செண்பகவல்லி என்று தேடின. அவள் சிரித்தாள். பல் தானாகவே வெளியே வந்தது, அதுதான் எரிச்சல். இன்னும் கொஞ்ச நேரத்தில் காபி குடிக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, கோவில்பட்டியா, கடலைமிட்டாய் கொண்டுவரலையா என்று கேட்பார். கேட்காமல் இருந்த கூட்டம் இதுவரை இல்லை.

திரையில் இளஞ்சிவப்பில் ஓர் இரைப்பை வந்தது. நல்ல வழவழப்பான, பாவம் செய்யாத இரைப்பை. வேதாசலம் சிவப்புப் புள்ளி விளக்கை அதன் மேல் ஓட்டிக் காட்டினார். மேல் பகுதி அமிலம் சுரக்கிறது. கீழ்ப் பகுதி, குடலுக்குத் திறக்கும் வாசலை ஒட்டியது, அமிலம் சுரக்காது, கோழையும் ஹார்மோனும்தான். ஒரே பை, ஒரே சுவர், நடுவில் வேலி கிடையாது, ஆனாலும் மேல் செல் மேல் செல்தான், கீழ் செல் கீழ் செல்தான். எண்டாஸ்கோப்பி குழாயால் இரண்டு இடத்திலும் எள்ளளவு கிள்ளி எடுத்து, உடம்புக்கு வெளியே தட்டில் வைத்து, இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போட்டு மாதக்கணக்கில் வளர்த்தாலும், கடுகு கடுகாக உருண்டை கட்டி வளருமே தவிர மேலும் கீழும் கலந்து போகாது. ஏன்? இப்போது செல்லோ டேப் வரும் என்று அவள் நினைத்தாள். வந்தது. "வீட்டுல மோட்டார் சுவிட்சைக் குழந்தைங்க தட்டிடக் கூடாதுன்னு செல்லோ டேப் ஒட்டி வைப்போம் பாருங்க. டிஎன்ஏ மேல மெத்தில்னு ஒரு சின்ன ஒட்டு உட்கார்ந்துக்கும். எல்லா செல்லுலயும் ஒரே சுவிட்ச் போர்டுதான். எந்த சுவிட்ச் மேல டேப் இருக்குங்கறதுதான் வித்தியாசம். செல் ரெண்டாப் பிரியும்போது டேப்பையும் பார்த்துப் பார்த்து மறுபடி ஒட்டிக்கும்." அந்த டேப் அவளுடையது. போன மழைக்காலத்தில் ரெஜினாவுக்குப் புரியவைக்க அவள் சொன்னது. அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்திலேயே தன் வாயால் சொன்னார். சுவிட்சில் டேப் ஒட்டுகிற வீட்டில் அவர் என்றைக்கு இருந்தார். அவர் வீட்டில் மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கும். டேப்பையும் எடுத்துக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துக்கொண்டு அந்தப் பதினாலாவது படத்துக்குப் போகட்டும்.

பதினாலாவது படத்தில்தான் இருக்கிறது இவர்கள் எல்லாரும் கேட்க வந்த செய்தி. டேப்பை மறுபடி ஒட்டவிடாத ஒரு மருந்து உண்டு, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. மேல் இரைப்பை உருண்டைகளுக்கு அந்த மருந்தைப் போட்டார்கள். போட்டதும் அவை தம் ஊரை மறந்து கீழ் இரைப்பையாக மாறிவிட்டன, அமிலத்தை விட்டுவிட்டன. உலகத்தில் யாரும் பார்க்காத முடிவு. பொய். யாரும் புளுகவில்லை, ஆனால் பொய். போன திங்கள்கிழமை டிஎன்ஏவைப் படிக்க அனுப்பியிருந்த இடத்திலிருந்து முடிவு வந்தது. அவள் திறந்து பார்த்தாள். மருந்து குடித்ததாகச் சொல்லப்படும் அந்தத் தட்டின் செல்களில் ஒரு டேப் கூட உரியவில்லை. கீழ் இரைப்பைக்கு எங்கெங்கே ஒட்டு இருக்க வேண்டுமோ அங்கங்கே புத்தம்புதிதாக, அம்சமாக ஒட்டிக்கொண்டு இருந்தன. மருந்து போட்ட செல்லில் அப்படி இருக்க வழியே இல்லை. அப்படியானால் அது மருந்து போட்ட தட்டு இல்லை. அது மாறிப்போன மேல் இரைப்பையும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த, மருந்தே போடாத, பிறந்ததிலிருந்து கீழ் இரைப்பையாகவே இருந்த தட்டு. தட்டு மாறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே மனிதனின் வயிற்றிலிருந்து எடுத்தவை என்பதால் வேறெந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை. அந்த இன்னொரு தட்டு, நிஜமாகவே மருந்து குடித்தது, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் ஒரு வகையிலும் சேராமல் கிடந்தது. வேதாசலம் அன்றைக்கு அதை ஒப்பிடுவதற்கு வைத்த தட்டு என்று நினைத்து, "கண்ட்ரோல் கெட்டுப்போச்சும்மா, பழசு ஒண்ணை எடுத்துப் போட்டுக்கோ" என்றார். திரும்ப ஒருமுறை செய்துவிடலாம் சார் என்று அவள் சொன்னதற்கு, முதலில் கூட்டம், அப்புறம் பார்க்கலாம் என்றார். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டதுதான் உண்மை. டேப்பை உரித்தால் செல் வேறு ஊருக்குப் போகாது, எந்த ஊரும் இல்லாமல் போகும். அவளுக்கு அது வியப்பாகக் கூட இல்லை.

தட்டு எப்படி மாறும் என்று வெளியாள் கேட்பான். வேதாசலத்தின் ஆய்வகத்தில்தான் மாறும். வேறு எங்கும் தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவார்கள். இங்கே அடியில் எழுதக் கூடாது, மூடியின் மேல்தான் எழுத வேண்டும். அடியில் எழுதினால் மைக்ரோஸ்கோப்பில் மையின் நிழல் விழுந்து படம் கெட்டுவிடும், அவருக்குப் படம் சுத்தமாக இருக்க வேண்டும். படம், படம், படம். கல்யாண ஆல்பம் போடுகிறவன் கூட இவ்வளவு பார்க்க மாட்டான். மூடியில் எழுது என்றார், எழுதினோம். மூடியைக் கழற்றினால் தட்டுக்குப் பெயர் இல்லை. அவள் ஒருபோதும் இரண்டு தட்டை ஒன்றாகத் திறந்ததில்லை. ஒன்றைத் திறந்து, மூடியைக் கவிழ்த்து வலது பக்கம் வைத்து, செல்கள் ஊறும் பழைய சாற்றை உறிஞ்சி, புதுச் சாறு ஊற்றி, மூடி, அதை வெதுவெதுப்புப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் அடுத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் செய்தாள். ஒருபோதும் இல்லையா? ஒருபோதும் இல்லை. வேலைக்கு நடுவில் அம்மா போன் செய்த அன்று? அன்று கையுறையோடு போனை எடுக்கவில்லை, அடித்து ஓயட்டும் என்று விட்டாள். அன்று கை நடுங்கியதா? நடுங்கவில்லை. ஆனால் நடுங்கவில்லை என்று இப்போது யார் சாட்சி சொல்வது. ரெஜினா அன்று வரவில்லை. இந்த இடத்துக்கு வந்துதான் திங்கள்கிழமையிலிருந்து மூளை சக்கரத்தில் கல் மாட்டியது போல நின்று நின்று போகிறது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும், மறுபடி ஓட ஆரம்பிக்கும். மருந்து முடிந்து, மறுநாள் செல்களை உடைத்து டிஎன்ஏ எடுக்க வேண்டிய ஞாயிறு. அவள் ஹாஸ்டலில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தால், ஆய்வகத்து வாட்ஸ்அப் குழுவில் வேதாசலம் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். இரண்டு தட்டுகளும் திறந்து பக்கத்துப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று. கீழே, 'நம்ம குழந்தைங்க, குட் மார்னிங்.' மூடிகள் இரண்டும் படத்தின் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளும்தான் அன்றைக்கு அதற்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

இதை அவள் திங்கள்கிழமையே அவர் அறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் என்று ரெஜினாவிடம் சொன்னால் நம்புவாள், ஆனால் பயம் இல்லை, பயம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அடி வயிற்றிலிருந்து குளுகுளுவென்று ஏறிய சந்தோஷம். ஆடட்டும், இத்தனை பேர் முன்னால் ஏறி நின்று வாய் கிழியப் பேசட்டும், கைதட்டல் வாங்கட்டும். அதற்கப்புறம் மறுநாள் காலையில் டிஎன்ஏ முடிவை மேசையில் வைத்து, சார், அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் ஞாபகம் இருக்கா என்று கேட்க வேண்டும். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இந்த டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே தன் கையால் தப்பு என்று எழுதி அனுப்ப வேண்டும். இதை நினைத்துக்கொண்டுதான் இந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கியது. அப்புறம்தான் பயம். ஏனென்றால் அந்த முடிவுதான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், அது போனால் பட்டம் தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளி? மறுபடி நோயாளி, மறுபடி கிள்ளல், மறுபடி வளர்ப்பு. அதுவும் இந்த ஆள் தயவு வைத்தால். தயவு வைப்பாரா? மூக்கு உடைந்தவர் தயவு வைப்பாரா? அப்படியானால் சொல்லாமலே இருந்துவிட்டால்? டிஎன்ஏ முடிவு அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. தெளிவாக வரவில்லை என்று சொல்லிவிட்டால் யார் தோண்டப் போகிறார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊர், வேறு நாடு. அங்கே போய், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டால் சென்னை என்று சொல்லிக்கொள்ளலாம். கடலைமிட்டாய் கேட்க மாட்டார்கள்.

பதினாலாவது படம் வந்தது. முதலில் அவள் பார்த்தது பச்சையும் சிவப்புமாக ஒளிர்ந்த செல்களை இல்லை, மேலே இருந்த தன் பெயரை. இவ்வளவு பெரிய எழுத்தில் அவர் அவள் பெயரைப் போட்டதே இல்லை. வழக்கமாகக் கடைசிப் படத்தில், நன்றி சொல்லும் கும்பலுக்கு நடுவில், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இன்றைக்குத் தலைப்பிலேயே 'ஆய்வு: செண்பகவல்லி' என்று தடித்த எழுத்தில் இருந்தது. "இதுல என் பங்கு ஒண்ணுமே இல்லீங்க. தட்டைத் தொட்டது, வளர்த்தது, மருந்து போட்டது, முழுக்க முழுக்க இந்தப் பொண்ணு. நான் அந்த ரூம் பக்கமே போறதில்லை" என்றார் வேதாசலம். கை தட்டினார்கள். ரெஜினா முழங்கையால் இடித்தாள். செண்பகவல்லிக்கு ஒரு நொடி, வெட்கக்கேடு, நெஞ்சு நிறைந்துவிட்டது. எவ்வளவு பசி இருந்தால் இப்படி நிறையும். உடனே அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள். இந்த ஆள் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. பிறந்தநாள் கேக்கில் கூட க்ரீம் இருக்கிற துண்டைத் தனக்கு வெட்டிக்கொள்கிறவர். ஏன் இன்றைக்கு மட்டும்? ஏ.சி. குளிர் கழுத்தில் இறங்கியது. துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் டாக்டர் நூருல்லா. அரசு மருத்துவமனையில் இரைப்பை நோய்களைப் பார்ப்பவர், இவர்களுக்குத் திசு கிள்ளிக் கொடுப்பவரும் அவர்தான். அவர் ஒருவர்தான் இதுவரை அவளிடம் கடலைமிட்டாய் கேட்காதவர். எழுந்து நின்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், எங்கிட்ட ஒரு பேஷன்ட் இருக்காரு. லாரி ஓட்டறவரு, சின்ன வயசு. அமிலம் எந்த மாத்திரைக்கும் அடங்க மாட்டேங்குது. ரெண்டு தடவை குடல்ல ஓட்டை விழுந்து ஆபரேஷன் பண்ணிட்டோம். மூணாவது தடவை தாங்க மாட்டாரு. நீங்க சொல்ற மாதிரி மேல் இரைப்பையைக் கொஞ்ச இடத்துல கீழ் இரைப்பையா மாத்திட்டா அமிலம் குறையும் இல்லையா? மருந்து ஏற்கெனவே புழக்கத்துல இருக்கறதுதான். எண்டாஸ்கோப்பி வழியா அந்த இடத்துல மட்டும் ஊசி போடலாம்னு பார்க்கிறேன். நாளைக்கு எங்க எதிக்ஸ் கமிட்டி கூடுது. வேற வழி இல்லாத கேஸ்னு கேட்டா அனுமதி கிடைச்சிடும். போடலாமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லிடுங்க." செண்பகவல்லி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த லாரிக்காரர் எங்கிருந்து வந்தார். அவளுடைய கணக்கில் வேதாசலம் இருந்தார், அவள் இருந்தாள், பட்டம் இருந்தது. வயிறு என்று ஒன்று தட்டில்தான் இருந்தது. டேப் உரிந்து மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் கிடந்த அந்த உருண்டைகளை நினைத்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தைத்த வயிற்றுக்குள் அப்படி ஓர் இடம். சொல்லுங்கள் சார், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்னும் உறுதியாகவில்லை என்று ஒரு வார்த்தை, எல்லா விஞ்ஞானியும் சொல்கிற வார்த்தைதானே. அவர் சொல்லிவிட்டால் அவள் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்த ஆளை வேண்டிக்கொண்டாள்.

வேதாசலம் தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடினார். "நல்ல கேள்வி டாக்டர். டிஎன்ஏ ரிசல்ட் இப்பதான் வந்திருக்கு. செண்பகா பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்க எக்ஸ்பெரிமென்ட், அவங்க சொல்றதுதான் முறை. கொடுங்கப்பா மைக்கை." டிஎன்ஏ ரிசல்ட் வந்தது இவருக்கு எப்படித் தெரியும். அவள் இவரிடம் சொல்லவில்லையே. அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை, கவலையில்லை, பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டவன் நிற்கிறவனைப் பார்ப்பது போன்ற முகம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவருக்கும் வந்திருக்கிறது. திங்கள்கிழமையே வந்திருக்கிறது. படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் அவள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டார். படித்துவிட்டுத்தான் அந்த ரூம் பக்கமே போவதில்லை என்று கூட்டத்தில் சொன்னார். அவள் ஒரு வாரம் குளுகுளுவென்று படுத்துத் தூங்கிய நேரத்தில் அந்த ஆள் உட்கார்ந்து மொத்தத்தையும் அழகாக அவள் தலையில் கட்டியிருக்கிறார். போடலாம் என்று அவள் சொன்னால் நாளைக்கு லாரிக்காரருக்கு ஆவது அவளால். வேண்டாம் என்றால் தட்டை மாற்றியது அவள். மைக் கைக்கு வந்துவிட்டது. யாருடைய கை வியர்வையோ அதில் பிசுபிசுத்தது. தெளிவாக வரவில்லை என்று சொல்லலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், வழவழா கொழகொழாவென்று ஏதாவது சொல்லி உட்காரலாம். வேறு வழி இல்லாத ஆளுக்கு வழவழா கொழகொழா என்றால் போடு என்றுதான் கேட்கும். நூருல்லா இன்னும் உட்காராமல் நின்றுகொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தார்.

"போடாதீங்க டாக்டர்" என்றாள். அவள் குரலை ஒலிபெருக்கியில் அவளே கேட்டாள், அது யாருடையதோ போல் கரகரத்தது. "இந்த ரிசல்ட் தப்பு. தட்டு மாறியிருக்கு. கீழ் இரைப்பையா மாறினதுன்னு நாங்க காட்டறது, முதல்லேருந்தே கீழ் இரைப்பைதான். மருந்தே போடாதது. மருந்து போட்ட செல் எதுவாவும் மாறலை, கெட்டுத்தான் போச்சு. டிஎன்ஏல தெளிவா இருக்கு. உங்க பேஷன்டுக்கு இதைப் போடாதீங்க." நூருல்லா குறிப்பேட்டில் எதையோ குறுக்கே அடித்துவிட்டு, அவளுக்கு ஒரு தலையசைப்பு, சின்னது, கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், அந்த வயிறு தப்பித்தது. அந்த லாரிக்காரருக்கு இது தெரியவே போவதில்லை. இப்போது சொல்ல வேண்டியது அந்த மூடி. இப்போது ஞாயிற்றுக்கிழமை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "மூடியை மாத்தி" என்று தொடங்குவதற்குள் மேடையிலிருந்து ஒற்றைக் கை தட்டல் கேட்டது. வேதாசலம் தட்டிக்கொண்டே படி இறங்கி வந்தார். "பாருங்க. ஒரு சின்னப் பொண்ணு. தான் பண்ணின தப்பை இத்தனை பெரியவங்க முன்னாடி, தன் டிகிரியே போனாலும் பரவாயில்லைன்னு எழுந்து நின்னு ஒத்துக்கறா. நான் என் லேப்ல வேற எதைச் சொல்லிக் கொடுத்தேனோ இல்லையோ, இதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன்." அவர் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது, அதை எப்படிச் செய்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. முன்வரிசை எழுந்தது. பின்வரிசையும் எழுந்தது. மொத்த அரங்கமும் கை தட்டியது. அவளைப் பார்த்துத் தட்டத் தொடங்கியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அவரைப் பார்த்துத் தட்டினார்கள். ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தப்பு இல்ல, சார்தான் ஞாயித்துக்கிழமை" என்று செண்பகவல்லி மைக்கில் சொன்னாள், ஆனால் சொன்ன பிறகுதான் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு வயதான டாக்டரிடம் மைக் இருந்தது. அவர் தட்டிப் பார்த்து, வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, "சார், கேள்வி இல்லை, ஒரு சந்தேகம். இந்தக் காலத்துப் பசங்களை இப்படி நேர்மையா வளர்க்கறது எப்படி? எங்க ஸ்டூடண்ட்ஸுக்கும் நாலு வார்த்தை சொல்லணும்" என்றார். வேதாசலம் மறுபடி மேடைக்கு ஏறி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதில் சொல்ல ஆரம்பித்தார்.